யாருடைய டெபாசிட்டில் யாருக்கு டாக்டர் பட்டம்?

'கிறிஸ்தவக் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பும் எங்கள் அன்பு ஐயர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' கோயில் வாசலில் இப்படி ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாத சேகரம் இன்றைக்குக் குறைச்சல். அங்கியும் தொப்பியும் போட்ட படம். கீழே வாழ்த்துவோர் வரிசையில் முப்பது தலைகள். அதில் ஒரு தலைகூட ஞாயிறு பள்ளி டீச்சருடையதாக இருக்காது. ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டால் 'போதக ஊழியத்தில் தலைமைத்துவம்' என்பார்கள், 'கிராமச் சபைகளில் நம்பிக்கை வளர்ச்சியின் படிநிலைகள்' என்பார்கள். கிராமச் சபை என்றால் என்ன தோழர்களே? சேரி. அந்தச் சொல்லை ஆய்வேட்டில் எழுதக் கூச்சம், அதனால் கிராமச் சபை. சேரிப் பிள்ளைகள் எப்படி விசுவாசிக்கிறார்கள், சேரிப் பொம்பளைகள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முந்நூறு பக்கம் இங்கிலீஷில் எழுதி, தோல் அட்டை போட்டுப் பொன்னெழுத்து பதித்து, லைப்ரரியில் பூட்டி வைத்துவிட்டு வருகிறவருக்குத்தான் சேரியே மாலை போடுகிறது.

இந்த 'ஐயர்' என்கிற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். புராட்டஸ்டண்ட் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் பறையராகப் பிறந்திருந்தாலும் ஐயர்தான், அவர் வீட்டம்மா ஐயரம்மாதான். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசி வேஷம் கட்டித்தான் வேதம் சொன்னார். அவருக்குப் பிந்தி அதே மிஷனில், தாழ்ந்த சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்று வேறு ஒரு வகை சாமியாரை உண்டாக்கினார்கள். போதிக்கிறவன் பார்ப்பான் மாதிரி இருந்தால்தான் போதனை போதனையாகும் என்கிற கணக்கு அன்றைக்குப் போட்டது. அந்தக் கணக்கை இன்னும் யாரும் முடிக்கவில்லை. பூணூல் போய் அங்கி வந்தது. இப்போது அங்கிக்கு மேலே டாக்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் சின்னம்மா ஒருத்தர் இருபத்தேழு வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆறு நாளும் களையெடுப்பு, நடவு, ஏதாவது ஒரு கூலி. ஏழாம் நாள் கோயிலுக்குப் பக்கத்திலிருக்கிற புங்கமரத்தடியில் நாற்பது பிள்ளைகள். சம்பளம் கிடையாது. கிறிஸ்துமசுக்கு ஒரு புடவை, சில வருஷம் அதுவும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் வருஷத்தில் ஆறு மாசம் செங்கல் சூளைக்குப் போய்விடும். தை மாசம் போனால் ஆனி வரைக்கும் அங்கேதான். பிள்ளைகளும் கூடவே போகும், கல்லைத் திருப்பிப் போடும். பள்ளிக்கூடப் படிப்பு அதோடு அந்து போகும். திரும்பி வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு சின்னம்மா யாத்திராகமம் சொல்லிக் கொடுப்பதை நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

டயோசீஸ் அனுப்புகிற பாடப் புத்தகத்தில் மோசே நாணல் பெட்டியில் மிதக்கிற படம் இருக்கும், வண்ணம் தீட்டச் சொல்லி. சின்னம்மா அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடுவார். நேராக ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்துவிடுவார். பார்வோன் வைக்கோல் குடுக்கிறத நிறுத்திட்டான், ஆனா கல்லு எண்ணிக்கைல ஒண்ணு கொறையக் கூடாதுன்னுட்டான். இது எந்தச் சூளைலடா நடந்துச்சு? பிள்ளைகள் ஆளுக்கொரு சூளை பேரைச் சொல்லும். ஒருநாள் ஒரு பையன், ஒன்பது வயசிருக்கும், எழுந்து நின்று கேட்டான்: 'டீச்சர், அந்த இஸ்ரவேல் ஜனங்க பார்வோன்கிட்ட எவ்ளோ அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்க?'

இந்தக் கேள்விக்கு எந்த வேத வியாக்கியானத்தில் பதில் இருக்கிறது? முன்பணம் வாங்காமலே ஒருத்தன் செங்கல் அறுக்கக் கட்டுண்டு கிடப்பான் என்பதை அந்தப் பையனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சின்னம்மா சொன்னார்: 'அவங்க அட்வான்ஸ் வாங்கலடா. பஞ்சத்துல பொழைக்கப் போனவங்க. மொதல்ல நல்லாத்தான் வச்சிருந்தான். கூட்டம் பெருகினதும் பயந்துபோயி அடிமையாக்கிட்டான்.' பையன் விடவில்லை. 'அப்ப கடனே இல்லியே, ஏன் ஓடிப் போகல?' அன்றைக்குப் பாடம் மதியம் ஒன்றரை மணி வரைக்கும் போயிற்று. கடன் என்றால் என்ன, கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது, 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் சூளைக்காரன் எப்படி முன்பணக் கணக்கை வைத்தே ஆளைக் கட்டிப் போடுகிறான் எல்லாம் பேச்சில் வந்தது. சட்டத்தின் பேரை நான் சொன்னேன். மீதியெல்லாம் பிள்ளைகள் சொன்னது.

இப்போது டாக்டருக்கு வருவோம். அவர் அப்போது டாக்டர் ஆகவில்லை, ஆய்வு மாணவர். நம்ம சாதிக்காரர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா ஊருக்குக் காரில் வந்தார். கேள்விப்படிவம் கொண்டுவந்தார். 'போதிப்பவரின் தலைமைப் பண்பு சபையின் வளர்ச்சிக்கு அவசியம்.' முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை. ஐந்து கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். இப்படி நாற்பது கேள்வி. சின்னம்மா சொன்னார்: 'தம்பி, நான் வாயால சொல்றேன், எழுதிக்கிறீங்களா?' வாயால் சொன்னால் புள்ளிவிவரத்தில் வராதாம். செங்கல் சூளைப் பாடம் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. டீ குடித்தார், ஜெபம் பண்ணினார், போய்விட்டார்.

பட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்து அந்த இறையியல் கல்லூரி லைப்ரரிக்குப் போய் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க அனுமதியில்லை. கையால் குறிப்பெடுத்தேன். 'கிராமச் சபைகளில் போதிப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சியற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள், இவர்களுக்குப் பாடமுறை அறிவு இல்லை, எனவே இறையியல் பட்டதாரிகளின் தலைமையில் பயிற்சி தேவை' என்கிற பொருளில் ஒரு முடிவுரை. அதாவது டாக்டருக்குக் கீழே ஒரு பதவி, அதற்கு ஒரு ஜீப், அதற்கு ஒரு வெளிநாட்டு நிதி. முந்நூறு பக்கத்தில் சாதி என்கிற சொல் நான்கு இடத்தில் வருகிறது. நான்கும் சபை இருக்கிற ஊரின் மக்கள்தொகையைச் சொல்கிற இடம்.

அதே ஆய்வேட்டில் பவுலோ ஃப்ரெய்ரேவுக்கு ஒரு முழு அத்தியாயம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வங்கியில் குமாஸ்தா. ஃப்ரெய்ரே எங்கள் தொழிலைத்தான் திட்டினார். ஆசிரியன் டெபாசிட் போடுகிறவன், மாணவன் காலிப் பெட்டி, போட்டதைப் பத்திரமாக வைத்திருந்து பரீட்சையில் திருப்பிக் கொடுத்தால் போதும், இதுதான் ஒடுக்குகிறவனின் கல்வி என்றார். சிலியில் அகதியாக இருந்தபோது எழுதிய புத்தகம் அது. 1970ல் ஜெனிவாவில் உலகத் திருச்சபைகளின் மாமன்றம் அவரைக் கல்வி ஆலோசகராக அழைத்துக்கொண்டது, 1980 வரை அங்கே இருந்தார். ஆக, திருச்சபைதான் அவருக்குச் சோறு போட்டது, நல்ல காரியம். அவர் பெயரைச் சொல்லாமல் கிறிஸ்தவக் கல்வியில் இன்றைக்கு ஒரு ஆய்வேடும் எழுத முடியாது என்கிற நிலைமையும் வந்தது. ஆனால் நம்ம ஊர் டாக்டர் பண்ணியதைப் பாருங்கள். கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன் கண்ணுக்கு இது சட்டென்று தெரியும். டெபாசிட் போட்டது சின்னம்மா. இருபத்தேழு வருஷத்து டெபாசிட். வித்டிராயல் ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டது இன்னொருத்தர். பாஸ்புக்கில் வரவும் இல்லை, வட்டியும் இல்லை. எங்கள் வங்கியில் இப்படி ஒருத்தன் பண்ணினால் அதற்குப் பேர் வேறு, சஸ்பென்ஷன் ஆர்டர் வரும். அங்கே பட்டமளிப்பு விழா நடக்கிறது.

நம்பிக்கையின் படிநிலைகள் என்று இன்னொரு அத்தியாயம். ஜேம்ஸ் ஃபவுலர் என்கிற அமெரிக்கர் 1981ல் எழுதிய புத்தகத்தை வைத்து. மனுஷன் சிறு வயசிலிருந்து ஆறு படி ஏறுகிறான், கதையை அப்படியே நம்புகிறது கீழ்ப்படி, கேள்வி கேட்டுத் தனக்கென்று ஒரு நம்பிக்கையை உண்டாக்கிக்கொள்வது மேல்படி என்பது அவர் கணக்கு. 359 பேரைப் பேட்டி கண்டு எழுதியது. அந்த 359 பேரில் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளைக்காரர்கள். அதை வைத்து அமெரிக்காவிலேயே நிறையச் சண்டை போட்டாயிற்று. அந்த ஏணியைக் கொண்டுவந்து எங்கள் சேரியில் சாத்தி, பிள்ளைகள் இரண்டாம் படியில் நிற்கிறார்கள் என்று அட்டவணை போட்டிருக்கிறார். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டவன் எந்தப் படி ஐயா? ஏணி என்றதும் எனக்கு மனுவின் ஞாபகம் வந்தால் அது என் குற்றமில்லை.

ஞாயிறு பள்ளி என்பதே தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காக வந்தது. 1780ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஆரம்பித்தபோது, ஆறு நாளும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாளில் எழுத்தறிவு கொடுப்பதுதான் நோக்கம். வேதம் அதற்குப் பாடப் புத்தகம். எழுத்து கற்றுக் கொடுத்தால் கூலிக்காரன் கெட்டுப்போவான் என்று அங்கேயும் கூச்சல் போட்டார்கள். அது கடல் தாண்டி வந்து நம்மிடம் மனன வசனமாகவும் ஆக்‌ஷன் பாட்டாகவும் சுருங்கியது. சின்னம்மா ரெய்க்ஸ் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் ரெய்க்ஸ் செய்ததை இந்தத் திருமண்டலத்தில் செய்துகொண்டிருக்கிறவர் அவர்தான்.

போதக ஊழியத்தில் தலைமை என்றால் யார்? இதை ஆராய யாருக்கும் கேள்விப்படிவம் வேண்டாம், வரலாறு கிடக்கிறது. மயிலாடியில் மகாராசன் என்று ஒரு சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டார், ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். திரும்பியதும் தன் சனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மன் மிஷனரி தென் திருவிதாங்கூருக்கு 1806ல் வந்ததே இவர் கூப்பிட்டதால்தான். 1816ல் அவர் உடம்பு முடியாமல் கிளம்பியபோது சபைகளை ஒப்படைத்ததும் இவரிடம்தான். அடுத்த மிஷனரி வந்து சேரும்வரை பள்ளிகளையும் சபைகளையும் தாங்கியது ஒரு பறையர். மிஷனரி வந்து நம்மைப் படிக்க வைத்தான் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, மிஷனரியை வரவழைத்தது யார் என்று யாராவது சொல்கிறார்களா?

அதே காலம், அதே தஞ்சாவூர் மிஷன். அங்கே இன்னொரு ஆசிரியர், வேதநாயகம் சாஸ்திரியார். வேளாளர். பெரிய கவிஞர், நானும் கவிதை எழுதுகிறவன் என்பதால் அதை மறுக்க மாட்டேன், அவர் தமிழ் நல்ல தமிழ். பத்தொன்பது வயசிலேயே மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர். அவர்தான் கோயிலில் எல்லோரையும் கலந்து உட்கார வைப்பதை எதிர்த்து, சாதி ஆசாரத்துக்கு வக்காலத்து வாங்கி 1829ல் எழுதினார். 1833ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருங்கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியே போனார்கள். இப்போது சொல்லுங்கள், கிறிஸ்தவக் கல்வியின் வரலாறு என்று பாடம் நடத்துகிறபோது எந்த ஆசிரியர் பெயர் வருகிறது? சாஸ்திரியார் கீதம் எல்லாக் கோயிலிலும் பாடுகிறோம். வேதமாணிக்கம் குமரி மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கே பஞ்சாபிலும் இதே கதைதான். சியால்கோட் பக்கம் தித் என்று ஒருத்தர். சூஹ்ரா சாதி, தோல் வியாபாரி, ஒரு கால் ஊனம், எழுதப் படிக்கத் தெரியாது. 1873ல் ஞானஸ்நானம் கேட்டார். இங்கேயே தங்கிக் கொஞ்ச நாள் படித்துவிட்டுப் போ என்றார் மிஷனரி. தித் கேட்கவில்லை. ஊருக்கு நடந்தார். வீட்டில் ஒதுக்கிவைத்தார்கள், ஏசினார்கள். தோல் வாங்கப் போகிற ஊரிலெல்லாம் பேசினார். முதலில் தன் வீட்டுப் பெண்கள், பிறகு அண்டை வீடு, பிறகு அடுத்த ஊர். 1915 வாக்கில் அந்த மாவட்டத்துச் சூஹ்ராக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். பிற்பாடு மிஷன் சங்கங்கள் 'வெகுஜன இயக்கம்' என்று பேர் வைத்து இதற்குக் கமிட்டி போட்டு ஆராய்ச்சி செய்தன. தித் எந்தக் கமிட்டியிலும் இல்லை.

இனிக் கத்தோலிக்கர் பக்கமும் ஒரு வார்த்தை, புராட்டஸ்டண்ட்டை மட்டும் அடித்தேன் என்று வேண்டாம். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9ந் தேதி வன்னியக் கத்தோலிக்கர்கள் சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் சின்ன வயசில் அதே மறைக்கல்வி வகுப்பில் அதே பத்துக் கட்டளையை ஒப்பித்தவர்கள், ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள். கிறிஸ்தவக் கல்வியில் முனைவர் ஆகிறவர் ஆராய வேண்டிய கேள்வி இதுதானே? இத்தனை வருஷம் ஞாயிறுதோறும் சொல்லிக் கொடுத்தும் ஏன் ஒரு கல்லைக்கூடக் கீழே போட வைக்க முடியவில்லை? திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளே பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் கட்டியவர்கள் எந்தப் பாடத்திட்டத்தில் தேறியவர்கள்? 2022 ஆகஸ்டில்தான் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், முதல் தலித் கர்தினால். டி நொபிலி மதுரைக்கு வந்து 416 வருஷம் கழித்து.

நண்பர் ஒருத்தர், போதகர், இதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் கோபப்பட்டார். 'நம்ம ஆளு ஒருத்தன் டாக்டர் ஆகுறதே அதிசயம். அவன் காலையே நீ ஏன்யா வார்ற?' அவர் கோபம் நியாயம். இறையியல் படிக்கவே திருமண்டலத்தின் பரிந்துரை வேண்டும், அது எந்தச் சாதியின் கையில் இருக்கிறதோ அவன் மனசு வைக்க வேண்டும். அரசாங்கத்திடம் போனால் 1950ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவைக் காட்டுவான், சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் திருத்தினான், நமக்கு இல்லை. கிறிஸ்தவன் என்று சொன்னால் அட்டவணைச் சாதி கிடையாது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் போய் நில் என்பான். கோயிலுக்குள் வந்தால் பறையன். இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு ஒருத்தன் முனைவர் ஆகிறான் என்றால் அது சாதாரணமில்லை.

ஆனால் பட்டம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 1923ல் லண்டனில் அம்பேத்கர் டாக்டர் பட்டத்துக்கு எழுதியது ரூபாயைப் பற்றி. நான் தினமும் கட்டுக்கட்டாக எண்ணுகிற அதே ரூபாய். வெள்ளைக்காரன் நாணயக் கொள்கை யார் வயிற்றில் அடிக்கிறது என்று அவன் பல்கலைக்கழகத்திலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதிய இங்கிலீஷை மஹாடுக்கும் கொண்டுபோனார், வட்டமேசைக்கும் கொண்டுபோனார். மதம் மாறிய தலித்துகளின் நிலைமை பற்றியும் எழுதிவைத்தார், அது அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. கிறிஸ்தவம் இவர்களுடைய சாதியை எங்கே ஒழித்தது என்று அதில் அவர் கேட்கிறார். இறையியல் கல்லூரிகள் அந்தக் கட்டுரையைக் கிறிஸ்தவக் கல்விக்குப் பாடமாக வைக்கட்டும், பிறகு ஃபவுலரைப் பேசலாம்.

கல்லூரிகளுக்குள்ளேயே கலகம் நடந்ததும் உண்டு. 1981ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் சூத்திர இறையியல் என்று பேச்சைத் தொடங்கினார், அதுவே பிற்பாடு தலித் இறையியல் ஆயிற்று. சென்னை குருகுலத்தில் அதற்கென்று துறையே வந்தது. மதுரை அரசரடியில் தியாஃபிலஸ் அப்பாவு, நம் எல்லோருக்கும் பறட்டை, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே கட்டினார். ஒரே உலையில் ஆக்கி எல்லோரும் சேர்ந்து தின்பது என்கிற 'ஒரு உலை'தான் அவருக்குத் திருவிருந்து, அதுதான் அவருக்கு இறையியல். 2005ல் போய்விட்டார். அவர் பாட்டைப் பாடத் தெரிந்த சேரிப் பிள்ளைகளுக்கு அவர் என்ன பட்டம் வாங்கினார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இன்றைக்கு தலித் இறையியலும் ஒரு பேப்பராகி, மார்க்குக்கு எழுதுகிற விஷயமாகி, அதிலும் ஒரு டாக்டர் கூட்டம் உருவாகிக்கொண்டிருக்கிறது. பறையைப் பற்றிய அத்தியாயத்தை இங்கிலீஷில் எழுதிவிட்டு, ஊர்க் கோயிலில் பறை அடித்தால் ஆராதனையின் புனிதம் கெடும் என்கிற ஆட்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆகையால் இறையியல் கல்லூரிகளில் படிக்கிற நம் மாணவர்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் யாருடைய பேச்சு இருக்கிறதோ அவருக்குத் தமிழில் ஒரு பிரதி போக வேண்டும், சுருக்கமில்லை, முழுப் பிரதி. படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே போய் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஒரு அமர்வாவது அந்தப் புங்கமரத்தடியில் நடக்கட்டும், கேள்வி கேட்கிற உரிமை அங்கே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். நெறியாளர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஞாயிறு பள்ளி டீச்சர்களுக்கு மாதச் சம்பளம் என்கிற தீர்மானத்தைத் திருமண்டலக் கவுன்சிலில் இருக்கிற தலித் உறுப்பினர்கள் யாராவது ஒருத்தர் கொண்டுவர வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, யார் யார் எதிர்த்துக் கை தூக்கினார்கள் என்று பதிவாகட்டும், பெயரோடு இந்தப் பத்திரிகையில் போடலாம். டீச்சர்களாக இருக்கிற தாய்மார்களும் அக்காமார்களும் நடத்துகிற பாடங்களை, பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். கையெழுத்து மோசமாக இருந்தாலும் சரி, எழுத்துப்பிழை இருந்தாலும் சரி. தபால் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் பாடமாகச் செங்கல் சூளைப் பாடத்தை நானே எழுதித் தருகிறேன், சின்னம்மாவிடம் படித்துக்காட்டி அவர் சரி என்ற பிறகு.